போய்வரும் பிள்ளைகளும் ஸ்மார்ட் போர்டும்: திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளுக்குத் திட்டம் வகுக்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பணியில் இருந்தவரை இப்படி ஒரு மடலை நான் எழுதியிருக்க முடியாது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு வயதை 58-இலிருந்து 59, அப்புறம் 60 என்று உயர்த்தியதில் வகுப்பில் நிற்கக் கொஞ்சம் கூடுதல் காலம் கிடைத்தது. அதற்கு முதலில் நன்றி.

ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு ஊர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, தேவிபட்டினம் கரையில் பல வருடம் இருந்து, மண்டபம் பக்கத்தில் ஓய்வு பெற்றவள் நான். எல்லாமே தொடக்கப் பள்ளிகள், பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதிலும் ஒருவர் தலைமையாசிரியர் என்ற பெயரில் பாதி நாள் எழுத்தர் வேலை பார்ப்பவர்.

பள்ளிகளை நவீனமாக்குவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறீர்கள். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தது. தொடக்கப் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியருக்குக் கையடக்கக் கணினி, பெரிய பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்று பட்டியல் நீள்கிறது. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. எரிமலை எப்படிப் பொங்குகிறது என்பதைச் சாக்பீஸால் வரைந்து காட்டியும் திரையில் காட்டியும் பாடம் நடத்தியிருக்கிறேன். திரைதான் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. என் குறை வேறு. வருகிற திட்டம் ஒவ்வொன்றும், நாற்பது பிள்ளைகளும் ஜூனிலிருந்து ஏப்ரல்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு வருகிறது. இந்தக் கரையில் அப்படி உட்கார்ந்திருப்பதில்லை.

எங்கள் பிள்ளைகளின் நாட்காட்டியைக் கொஞ்சம் சொல்கிறேன். சாயல்குடி, கடலாடிப் பக்கம் மாசி பங்குனியில் பனை சீசன் சூடுபிடிக்கும். பனை ஏறும் குடும்பங்கள் பனங்காட்டிலேயே குடிசை போட்டுத் தங்கிவிடும். அப்பா மரத்தில், அம்மா பதநீர் காய்ச்சும் அடுப்படியில். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும், சுள்ளி பொறுக்குவதும், கருப்பட்டி ஊற்றச் சிரட்டை கழுவி வைப்பதும் யார்? நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான். ஆடியில்தான் ஊர் திரும்பும். உள்பக்க ஊர்களிலோ சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடக் குடும்பத்தோடு வெளியூர் போய்விடுவார்கள்.

கடற்கரைக்கு வந்தால் கணக்கே வேறு. பாம்பன், ராமேசுவரம், ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் பெண்கள் கடற்பாசி எடுக்கப் போவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் விடியுமுன்னே கிளம்பினால்தான் உண்டு. வீட்டில் மூத்தது பெண்பிள்ளையாக இருந்தால், அன்று அவள்தான் அம்மா. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். செவ்வாய், வியாழன் காலையில் வகுப்பு மெலிந்திருந்தால் நான் காரணம் கேட்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும்போது ஊரே வீட்டில் இருக்கும், வருகைப் பதிவேடு பார்க்க அழகாக இருக்கும். பதினைந்தாம் தேதி படகுகள் இறங்கும். அந்த வாரம் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், யாருமே முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. கடலில் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடும். அப்பா யாழ்ப்பாணத்துச் சிறையில் இருப்பார். அம்மா அலுவலகம் அலுவலகமாக அலைவார். பிள்ளை ஆச்சி வீட்டுக்குப் போய்விடும்.

இப்படிப் போகிறவர்களை எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் 'நீண்ட நாள் வராதவர்' என்று காட்டுகிறோம். அதிலிருந்து 'இடைநிற்றல் வாய்ப்பு' பட்டியலுக்கு ஓர் அடிதான். ஆனால் இவர்கள் திரும்பி வருகிறவர்கள். இடைநிற்றல் என்பது பெரும்பாலும் திரும்பி வந்த பிறகுதான் நடக்கிறது. வந்து உட்காரும் பிள்ளைக்கு வகுப்பில் நடப்பது எதுவும் புரியாது. இரண்டு வாரம் பார்க்கும். அப்புறம் அதுவே ஒரு முடிவெடுக்கும்.

இதை வைத்துக்கொண்டு, என் காலத்தில் வந்து போன திட்டங்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கரும்பலகைத் திட்டம் பள்ளிக்கு வந்துவிட்டிருந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-இல் தொடங்கிய திட்டம். ஓராசிரியர் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர், இரண்டு அறைகள், வரைபடம், அறிவியல் பெட்டி. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். இரண்டாவது ஆசிரியராகப் போய் இறங்கியவளே நான்தான், எனவே திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் அந்த அறிவியல் பெட்டி! பீரோவுக்குள் பூட்டுப்போட்டு இருந்தது. லென்சு, காந்தம், தராசு எல்லாம் உறை பிரிக்காமல். கேட்டால், தணிக்கையில் ஒன்று குறைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னதில் தப்பில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட காந்தம் பிள்ளை கைக்குப் போகாது.

அந்தப் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை. கையடக்கக் கணினியும் பல பள்ளிகளில் அதே பீரோவில்தான் இருக்கிறது.

அடுத்து வந்ததைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை கொண்டுவந்தார்கள். இதன் வேர் ஆந்திராவில், மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலியில். சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளுக்காகவே யோசித்துச் செய்த முறை அது. அதனால்தானோ என்னவோ, எங்கள் பள்ளிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

எப்படி நடந்தது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடம் முழுவதையும் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். சுவரில் ஏணி என்று ஒரு படம் தொங்கும். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்பது அதில் படச்சின்னங்களாக இருக்கும். பிள்ளை காலையில் வந்ததும் ஏணியில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும், தட்டிலிருந்து அதற்குரிய அட்டையை எடுக்கும், எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதை அந்த அட்டையே சொல்லும். ஆசிரியர் பாயில் உட்கார்ந்திருப்பார். புதிய பாடம் எடுக்கிறவர்கள் அவர் பக்கத்தில், பயிற்சி செய்கிறவர்கள் சற்றுத் தள்ளி, முடித்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி. சுவரைச் சுற்றி இடுப்பளவில் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு, பெயர் எழுதி.

அந்த வருடங்களில் பனங்காட்டிலிருந்து ஆடியில் திரும்பி வந்த ஒரு சிறுமியை நினைக்கிறேன். மாசியில் போனவள். கையெல்லாம் காய்ப்பு. உள்ளே வந்தாள், ஏணிக்கு முன்னால் போய் நின்றாள், விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். தட்டிலிருந்து அட்டையை எடுத்தாள். கழித்தலில் கடன் வாங்கும் அட்டை. பாயில் உட்கார்ந்து கூழாங்கல்லைப் பத்துப் பத்தாகப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். யாரும் அவளைப் பார்த்து 'இத்தனை நாள் எங்கே போனாய்' என்று கேட்கவில்லை. 'நாங்களெல்லாம் பெருக்கலுக்குப் போய்விட்டோம்' என்றும் யாரும் சொல்லவில்லை. அவள் விட்ட இடம் அவளுக்காக இருந்தது.

இதைவிட நவீனமான வகுப்பறையை நான் பார்த்ததில்லை. மின்சாரமே வேண்டியிருக்கவில்லை.

சரி, அதில் குறையே இல்லையா? இருந்தது. அட்டைகள் பிள்ளைகள் கைபட்டு இரண்டு வருடத்தில் முனை மடங்கிக் கிழிந்தன. புதியவை வரவில்லை, நாங்களே கலியாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினோம். வீட்டுப்பாடமும் இல்லை, புத்தகமும் இல்லை, பிள்ளை என்னதான் படிக்கிறது என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஊருக்குள் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன் வரத் தொடங்கியிருந்த நேரம் அது, பாதிப்பேர் வேனில் ஏற்றிவிட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர்களோ, டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா பாயில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். முழங்கால் தேய்ந்த மூத்த ஆசிரியைகள் ஜீப் சத்தம் கேட்டதும் பாய்க்கு இறங்கிய கூத்தெல்லாம் உண்டு. அட்டைகளைச் சீர்செய்து, பெற்றோருக்கு விளக்கியிருந்தால் போதும். செய்தது வேறு. 2012-13-இல் முப்பருவமுறை, தொடர் மதிப்பீடு என்று அடுத்தது வந்தது. செயல்வழிக் கற்றலை எளிமையாக்கினார்கள், பிறகு இன்னும் எளிமையாக்கினார்கள். ஒரு கட்டத்தில் ஏணி சுவரில் அழகுக்கு மட்டும் தொங்கியது.

கொரோனா காலத்தை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. இடையில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, செல்போன் வகுப்பு இருந்தது. வீட்டில் இருக்கிற ஒரே போனை அப்பா கடலுக்கு எடுத்துப் போய்விட்டால் வகுப்பும் கடலுக்குப் போய்விடும், அவ்வளவுதான். பள்ளி திறந்ததை ஒட்டி வந்த இல்லம் தேடிக் கல்வி செய்த உதவி பெரிது. ஊர்ப் பெண்பிள்ளைகளே சாயங்காலம் திண்ணையில் சொல்லிக்கொடுத்தார்கள்.

2022-இல், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுக்கொடுக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கும் யோசனை, எங்கள் பழைய ஏணியின் தங்கை. பாட்டும் பொம்மலாட்டமுமாக வகுப்பு கலகலத்தது. ஆனால் கூடவே, எந்த வாரம் எந்தப் பக்கம் என்று நாள் குறித்த ஆசிரியர் கையேடு. கூடவே, பிள்ளை பிள்ளையாகப் போனில் தேர்வு வைத்துப் பதிவேற்றும் வேலை. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு போனில் கேள்வி கேட்டு விடையை அழுத்தும்போது மற்ற நான்கு வகுப்பும் என்ன செய்யும்? சத்தம் போடும். சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டே அழுத்துவோம். சிக்னல் போய்விட்டால் முதலிலிருந்து. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு வரும் என்பதால் எங்கள் பள்ளியின் மதிப்பீடுகள் பெரும்பாலும் அந்தத் தொட்டியடியில் நடந்தவைதான்.

இப்போது ஸ்மார்ட் போர்டுக்கு வருகிறேன்.

முதலில் சின்ன விஷயம், உப்புக் காற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கட்டடத்தில் கதவுக் கீலே வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நான் இருந்த பள்ளி ஒன்றுக்கு நல்ல புரொஜெக்டர் வந்தது. இரண்டாவது வாடைக்காற்றுக்குப் பிறகு ஒரு நாள் எழவில்லை. ஊர்ப் பையன் ஒருவன், படகு எஞ்சின் வயரிங் பார்ப்பவன், பின்பக்கம் கழற்றிக் காட்டினான். செம்பு முனைகளெல்லாம் பச்சை பூத்து, திருகாணித் தலைகள் பொரிந்து போயிருந்தன. "டீச்சர், கடலுக்குக் கொண்டுபோற சாமானுக்கெல்லாம் நாங்க கிரீஸ் தடவுவோம், மூடி வைப்போம். இதுக்கு ஒண்ணுமே செய்யலையே" என்றான். உத்தரவாதக் காலத்தில் உப்பு அரிப்பு சேராது என்று சொன்னது புகார் எண். அந்தப் பையனுக்குக் கூலி கொடுக்கப் பள்ளிக் கணக்கில் தலைப்பு இல்லை. கடலோரப் பள்ளிகளுக்கு வாங்கும் கருவிக்குக் கடலோர விதி ஒன்று எழுதுங்கள். மூடி, உறை, வருடாந்தரப் பராமரிப்பு, உள்ளூர்ப் பழுதுநீக்குபவருக்குக் கொடுக்கச் சின்னத் தொகை. கேட்பது இவ்வளவுதான்.

பெரிய விஷயம் வேறு. ஸ்மார்ட் போர்டு வந்ததும் வகுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எல்லாரும் முன்னால் பார்த்து, ஒரே பாடத்தை, ஒரே வேகத்தில். செயல்வழிக் கற்றல் பாயில் இறக்கிவைத்த டீச்சரை ஸ்மார்ட் போர்டு மறுபடியும் சுவரோரம் நிறுத்திவிட்டது. நேற்றுப் பனங்காட்டிலிருந்து வந்தவளுக்கும் இன்று பாசிக்குப் போன அம்மாவுக்காக வராமலிருந்தவளுக்கும் சேர்த்து ஒரே காணொளி ஓடுகிறது. அது யாருக்காகவும் நிற்பதில்லை. இரண்டு பேர் ஐந்து வகுப்பு எடுக்கும் பள்ளியில் திரை வேறொரு வேலையும் செய்கிறது. ஒரு வகுப்பை அதன் முன் உட்காரவைத்துவிட்டு அடுத்த வகுப்பைப் பார்க்கலாம். செய்திருக்கிறோம், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் பிள்ளை பார்த்துக்கொள்வது.

2025 ஜூலையில் 'ப' வடிவ இருக்கை பற்றி வந்த சுற்றறிக்கை ஞாபகம் இருக்கும். கடைசி பெஞ்சு என்பதே இருக்கக்கூடாது என்ற எண்ணம் நல்ல எண்ணம். கழுத்து வலிக்கும், கண் வலிக்கும் என்று எதிர்ப்புக் கிளம்பி, கட்டாயமில்லை என்று சொல்லி முடிந்தது. எங்கள் பள்ளியில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். எங்களிடம் பெஞ்சே இல்லை. பாயில் வட்டமாகத்தான் உட்கார்ந்திருந்தோம், அதுவும் உங்கள் பழைய திட்டம் சொல்லிக்கொடுத்ததுதான். பழைய திட்டம் எதைக் கொடுத்துவிட்டுப் போனது என்று பார்க்காமலேயே புதியது வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

இந்த மாவட்டத்துக்கு விழாவுக்கு வருகிற பெரியவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் அப்துல் கலாமுக்குப் பாடம் எடுத்த சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைப் பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கடற்கரைக்கே கூட்டிப் போய்ப் பறவைகளைக் காட்டினார். தன் வாழ்க்கைக்கு அதுதான் திசை காட்டியது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கதை முடிந்ததும் எல்லாரும் கைதட்டுவோம். தட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இன்று நான் அப்படிக் கூட்டிப் போக வேண்டுமென்றால் முன் அனுமதி வேண்டும், பெற்றோர் ஒப்புதல் வேண்டும், இன்னொரு ஆசிரியர் வேண்டும். இன்னொரு ஆசிரியர் வந்தால் மற்ற வகுப்புகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். அனுமதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் விளையாட்டில்லை, அதை அறிந்த ஊர் இது. மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை என்கிறேன்.

வெளியே போகாமலும் கடலை உள்ளே கொண்டுவரலாம். அளவைகள் பாடம். மீட்டர் எதற்கு என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். கடலில் ஆழத்தைப் பாகக் கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். வகுப்பறையின் நீளத்தைப் பாகத்தால் அளக்கச் சொன்னேன். சுவரோடு சுவராக ஒட்டி, கையை விரித்து, விரல் நுனியில் சாக்பீஸ் கோடு போட்டு, நகர்ந்து நகர்ந்து அளந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பொடியனுக்கு ஒரு கணக்கு, ஐந்தாம் வகுப்பு நெட்டையனுக்கு வேறு கணக்கு. சண்டை வந்துவிட்டது. "எங்க அப்பா பாகம்தான் சரி" என்றான் ஒருவன். "எங்க மாமா உங்கப்பாவை விட உசரம்" என்று இன்னொருவன். சண்டை நன்றாக முற்றட்டும் என்று விட்டுவிட்டு, மீட்டர் குச்சியை எடுத்து நடுவில் வைத்தேன். ஐந்து வகுப்பும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்ட பாடம். பனங்காட்டிலிருந்து அன்றுதான் வந்த பிள்ளையும் சேர்ந்து அளந்தது. அன்று ஆய்வுக்கு வந்திருந்த ஓர் அலுவலர் சுவரிலிருந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "இது எந்தக் கற்றல் விளைவு எண்ணில் வருது?"

திட்டங்களைத் திட்டிக்கொண்டே போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், இந்தக் கரைப் பள்ளிகளுக்குச் சமீபத்தில் வந்ததிலேயே மிக நவீனமான பொருள் காலை உணவுதான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. பாசிக்குப் போகிற அம்மா விடியுமுன் உலை வைக்க வேண்டிய அவசியம் போனது. அதைவிட முக்கியம், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற அக்காள் தம்பியையும் இழுத்துக்கொண்டு எட்டரைக்கே வந்துவிடுகிறாள். தம்பிக்கு வயது மூன்று, கணக்கில் அவன் இல்லை, பொங்கலில் இருக்கிறான். இந்தத் திட்டம் ஏன் வேலை செய்கிறது? இங்கே வீடு எப்படி நடக்கிறது என்பதோடு அது ஒத்துப்போகிறது. நேற்று வராத பிள்ளை இன்று வந்தால் தட்டு தயாராக இருக்கிறது. பாடமும் அப்படித் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

அதற்கு என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. தலையை எண்ணும் கணக்கு அது, வகுப்பை எண்ணுவதில்லை. 45 பிள்ளைகள் என்றாலும் வகுப்பு ஐந்துதான். 1987-இல் ஓராசிரியர் பள்ளி ஈராசிரியர் பள்ளியானது, இன்றும் அங்கேயே நிற்கிறோம். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் 2018-இலிருந்து நாம் இருக்கிறோம். அந்தப் பட்டியலுக்கு ஏதாவது பொருள் இருக்க வேண்டுமென்றால், கடலோர, பனங்காட்டு ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியரைக் கொடுங்கள். திரையின் விலையும் ஒருவர் சம்பளமும் ஒன்றில்லை என்பது எனக்கும் தெரியும். திரை ஒரு முறைச் செலவு, சம்பளம் வருடா வருடம். அதனால்தான் திரை சுலபமாக வருகிறது.

கையடக்கக் கணினியைப் பிள்ளை கைக்குக் கொடுங்கள். ஏணியை அதற்குள் ஏற்றலாம். பழைய அட்டைகளில் இருந்த வரிசையை அப்படியே போடலாம், இணையம் இல்லாமல் ஓடும்படி. பிள்ளை தன் பெயரைத் தொட்டால் விட்ட இடம் திறக்க வேண்டும். இதைச் செய்ய இன்று தொழில்நுட்பம் இல்லையா என்ன? 2018-இலிருந்து வந்த புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு போட்டீர்கள், அவ்வளவு காணொளிகளை உட்கார்ந்து செய்தவர்களால் இதையும் செய்ய முடியும். பத்து கருவி இருந்தால் ஒரு பள்ளிக்குப் போதும், முறைவைத்துப் பார்த்துக்கொள்வோம். ஒன்று உடைந்தால் தலைமையாசிரியர் தலையில் கட்ட மாட்டோம் என்று ஓர் அரசாணை மட்டும் கூடவே அனுப்புங்கள். இல்லாவிட்டால் பீரோதான்.

பனை சீசனுக்கும் கரிமூட்டத்துக்கும் போகிற பிள்ளைக்குக் கையோடு கொடுத்தனுப்பப் பயிற்சித்தாள் கட்டு ஒன்று அச்சடிக்கலாம். போகிற இடத்துப் பள்ளியில் உட்கார வைக்கலாமே என்பீர்கள். சில பேரை அப்படி உட்கார வைத்தும் இருக்கிறோம், எமிஸில் மாற்றுவதற்குள் சீசன் முடிந்துவிடுகிறது. பதிவு மாறாமலே இரண்டு மாதம் வேறு பள்ளியில் உட்கார ஒரு வழி இருந்தால் நல்லது.

சட்டம் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. எந்த 200 என்பதை ஊருக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வட்டார அளவில் கொஞ்சம் அதிகாரம் கொடுங்கள். தடைக்காலத்தில் ஊர் முழுக்க வீட்டில் இருக்கும்போது நாம் கோடை விடுமுறை விட்டிருக்கிறோம். வெயில் உண்மைதான், முழு நாள் வேண்டாம். மே மாதம் காலையில் மட்டும் இரண்டு மணி நேரம், விருப்பமுள்ளவர்களுக்கு, வாசிப்பும் கணக்கும். ஆசிரியர் சங்கங்கள் என்மேல் கோபப்படும் என்று தெரியும். இதற்கு ஈட்டு விடுப்பு கொடுங்கள் என்றும் சேர்த்தே கேட்கிறேன்.

அப்புறம் அந்தச் செயலிகள். காலை வருகைப் பதிவு, காலை உணவுப் பதிவு, மதிய உணவுப் பதிவு, உயரம் எடை, காலணி அளவு, சீருடை, கழிப்பறை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம்தான் என்பீர்கள். ஐந்து நிமிடம் ஏழு முறை வந்தால் கிட்டத்தட்ட ஒரு பாடவேளை போச்சு. மூன்று பள்ளிக்கு ஒரு பதிவாளர் போட்டால் தீர்ந்துவிடும் வேலை இது. எங்கள் கரையிலேயே கணினி படித்துவிட்டு வேலை தேடும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அடுத்த திட்டத்தின் கோப்பு இப்போதே உங்கள் மேசையில் இருக்கும். அதை முடிக்குமுன், இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளைக்கு இதில் எங்கே இடம் என்று ஒரு பத்தி எழுதிச் சேர்த்துவிடுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

பதில் எழுதுவதானால் எனக்கு வேண்டாம், நான் வெளியே வந்துவிட்டேன். இந்தக் கரையில் இருக்கிற ஈராசிரியர் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். நாலரை மணிக்கு மேல் அனுப்பினால் நல்லது. அதற்குமுன் அங்கே போனைப் பார்த்தால், அது வேறு ஏதாவது பதிவேற்றத்துக்காகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை